பட்டினி விதைத்த நீரிழிவு: மருத்துவ ஆய்வு உரைக்கும் வர்க்க உண்மை

சர்க்கரை நோய் வசதி படைத்தவர்களின் வியாதி என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உழைக்காமல் உண்பவருக்கு வருவது, உடல் பருத்தவருக்கு வருவது, வாயைக் கட்டத் தெரியாதவருக்கு வருவது என்று ஊர் சொல்கிறது. நாள் முழுதும் வயலில் குனிந்து நிற்கும் மெலிந்த கூலித் தொழிலாளிக்கு இந்த நோய் வந்துவிட்டால் அவருக்கே அது நம்ப முடியாத செய்தியாகிறது. இந்த எண்ணத்தின் அடித்தளத்தையே அசைக்கும் முடிவு ஒன்று 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடைபெற்ற உலக நீரிழிவு மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. ஊட்டச்சத்துக் குறைவோடு பிணைந்த நீரிழிவை, ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்னும் தனி நோயாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது.

இந்த முடிவுக்கு வழிகோலிய நிபுணர் கூட்டம் அதே ஆண்டு ஜனவரியில் வேலூரில் நடைபெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையினரும், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் மெரெடித் ஹாக்கின்ஸும் பல்லாண்டுகள் இணைந்து செய்த ஆய்வு இதன் பின்னணியில் இருக்கிறது. உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி பேர் வரை இந்த நோயோடு வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள்.

இது மருத்துவர்களின் விவாதப் பொருள், நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பசியும் குறைந்த கூலியும் ரேஷன் கடையும் காப்புரிமைச் சட்டமும் நம்முடைய போராட்டக் களங்கள் என்றால், இந்த நோயும் நம்முடைய பொருளே. இந்த ஆய்வு என்ன சொல்கிறது, அதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய அரசியல் முடிவு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

ஏழு பதின்ம ஆண்டுகளின் மறதி

இந்த நோய் புதிதாகத் தோன்றியதன்று. 1955-ல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்காவில், அறியப்பட்ட இரு வகைகளுக்குள்ளும் அடங்காத நீரிழிவு நோயாளிகள் சிலரை மருத்துவர் ஹியூ-ஜோன்ஸ் கண்டு எழுதினார். அதன் பின் வந்த ஆண்டுகளில் ஒடிசாவின் கட்டாக்கிலும் கேரளத்திலும் பணியாற்றிய மருத்துவர்கள், எலும்பும் தோலுமாக வரும் இளம் நோயாளிகளின் நீரிழிவைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் ‘ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு’ என்ற பிரிவைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. ஆனால் 1999-ல், போதிய சான்று இல்லை என்று கூறி அப்பிரிவு நீக்கப்பட்டது.

ஒரு நோய்க்குப் பெயர் இல்லையென்றால் அதற்குக் கணக்கும் இல்லை. கணக்கு இல்லையென்றால் நிதியும் இல்லை, ஆய்வும் இல்லை, சிகிச்சை நெறிமுறையும் இல்லை. சான்று போதவில்லை என்று தீர்ப்பளித்த அதே உலகம், அந்தச் சான்றைத் திரட்டுவதற்குப் பணம் ஒதுக்கவில்லை. மருந்து நிறுவனங்களுக்கோ வாங்கும் சக்தியற்ற நோயாளி சந்தையே ஆக மாட்டார். இப்படியாக ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் கோடிக்கணக்கான ஏழைகளின் நோய் மருத்துவ நூல்களின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது.

ஆய்வு கண்டது என்ன?

நாம் உண்ணும் உணவு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் செல்களுக்குள் செலுத்தும் ஹார்மோன் இன்சுலின். கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசியின்றி அந்த நோயாளி உயிர்வாழ முடியாது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்கு உரியபடி இணங்குவதில்லை. பெரும்பாலோருக்கு வருவது இந்த இரண்டாம் வகைதான்.

உடல் எடை மிகக் குறைந்த நீரிழிவு நோயாளிகளை வேலூரில் நுட்பமாகச் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியாயிற்று. அவர்களுடைய உடல், இரண்டாம் வகை நோயாளிகளின் உடலைப் போல இன்சுலினைப் புறக்கணிக்கவில்லை. கிடைத்த இன்சுலினுக்கு அது நன்றாகவே இணங்கியது. குறை இன்சுலின் சுரப்பில் இருந்தது. அதே வேளையில் முதல் வகையைப் போலச் சுரப்பு அடியோடு அற்றுப்போகவும் இல்லை. கருவிலும் இளம்பருவத்திலும் புரதமும் பிற சத்துக்களும் கிட்டாத உடலில் கணையம் முழுமையாக வளர்ச்சி பெறவில்லை என்பதே ஆய்வாளர்கள் இதற்குத் தரும் விளக்கம்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் இதையொட்டிய சான்று வந்திருக்கிறது. கேமரூன், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் முதல் வகை நீரிழிவு என்று கருதப்பட்டு இன்சுலின் பெற்றுவந்த இளையோரை ஆராய்ந்த முடிவுகள் 2025-ல் வெளியாயின. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரிடம், நோய் எதிர்ப்பு மண்டலம் கணையத்தைத் தாக்கியதற்குரிய அடையாளங்களே காணப்படவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட பாடநூல் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

பெயர் சூட்டும் சர்ச்சையாக மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. தவறான வகைப்பாடு உயிரைப் பறிக்கும். மெலிந்த இளைஞர் ஒருவரை முதல் வகை நோயாளி என்று கருதி மிகுதியான இன்சுலின் செலுத்தினால், அன்று இரவு வீட்டில் போதிய உணவு இல்லாதபோது இரத்தச் சர்க்கரை சரிந்து அவர் மயங்கி விழுவார். உறக்கத்திலேயே இறந்தும் போகலாம். இரண்டாம் வகை என்று கருதி ‘எடையைக் குறையுங்கள், உணவைக் குறையுங்கள்’ என்று அறிவுரை வழங்கினால், ஏற்கனவே பட்டினி கிடந்த உடல் மேலும் பட்டினி போடப்படுகிறது. இவர்களுக்குத் தேவை புரதம் நிறைந்த போதிய உணவு, அளவறிந்து தரப்படும் சிறிதளவு இன்சுலின் அல்லது மாத்திரை, தொடர்ந்த கண்காணிப்பு. நோயை இனங்காணும் அளவுகோல்களையும் சிகிச்சை நெறிகளையும் இரண்டு ஆண்டுகளுக்குள் வகுக்கும் பணி ஒரு நிபுணர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வகைப்பாட்டை ஏற்கத் தயங்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். ஆய்வுக்கு உட்பட்டோர் எண்ணிக்கை குறைவு, ஊட்டச்சத்துக் குறைவுதான் நேரடிக் காரணம் என்பது இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நாம் மதிக்க வேண்டும். அதற்குரிய விடை பெரிய அளவிலான பொது நிதி ஆய்வு. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், பீகார் போன்ற மாநிலங்களில் பழங்குடி மக்களிடமும் நிலமற்ற உழைப்பாளர்களிடமும் அந்த ஆய்வு செய்யப்பட வேண்டும். ஐயத்தைக் காரணம் காட்டி மீண்டும் 25 ஆண்டுகள் கோப்பை மூடிவைப்பதை அறிவியல் என்று ஏற்க இயலாது.

கருவறையில் தொடங்கும் சுரண்டல்

பட்டினி கணையத்தில் விட்டுச்செல்லும் தடம் ஒருபுறம் இருக்க, அது இரண்டாம் வகை நீரிழிவுக்கும் வித்திடுகிறது என்பதைக் காட்டும் ஆய்வுகளும் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. 1993-ல் புனே நகருக்கு அருகில் உள்ள ஆறு கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வு தொடங்கப்பட்டது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. எடை குறைந்திருந்த இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைவாகவும், அந்த எடைக்கு ஒப்பிடக் கொழுப்பு மிகுதியாகவும் இருந்தது. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. பின்னாளில் சிறிது எடை கூடினாலே நீரிழிவுக்கு ஆளாகும் உடல் அது.

அந்தத் தாய்மார்கள் யார்? வயலில் வேலை செய்து, தண்ணீர் சுமந்து, விறகு சேர்த்து, கர்ப்ப காலத்திலும் ஓய்வறியாத கிராமப்புறப் பெண்கள். கர்ப்பிணியின் கடும் உழைப்புக்கும் குழந்தையின் குறைந்த எடைக்கும் தொடர்பு இருப்பதை அதே ஆய்வு பதிவு செய்தது. வைட்டமின் பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம், ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத போக்கு காணப்பட்டது. பி12 இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில். இவை எட்டாத வீடுகளிலும், சாதி, மத ஆசாரம் தட்டைக் கட்டுப்படுத்தும் வீடுகளிலும் அந்தக் குறை நிலைபெற்றுவிடுகிறது.

இந்த உண்மையின் அருகில் ஆட்சியாளர்களின் செயலை வைத்துப் பாருங்கள். பள்ளி மதிய உணவில் முட்டை வழங்கலாமா என்பது பா.ஜ.க. ஆளும் பல மாநிலங்களில் இன்னும் ‘உணர்வு’ சார்ந்த பிரச்சனையாகவே நடத்தப்படுகிறது. மகாராஷ்டிர அரசு, புனே கிராமங்களைத் தன்னகத்தே கொண்ட அதே அரசு, மதிய உணவில் முட்டைக்கான நிதியை 2025-ல் நிறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-லேயே கர்ப்பிணிக்குக் குறைந்தபட்சம் 6,000 ரூபாய் மகப்பேறு உதவி உண்டு என்று சொன்னது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயோடு நிற்கிறது. கர்ப்பிணியான விவசாயக் கூலிப் பெண் ஓய்வெடுக்கும் நாட்களுக்கு அந்தத் தொகை எத்தனை நாள் கூலியாகும் என்பதைத் தோழர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

முதல் ஆயிரம் நாட்களில் அரசு தலையிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் சர்க்கரை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. 1953 செப்டம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. பங்கீடு இருந்த காலத்தில் கருவுற்றுப் பிறந்தவர்களையும், நீங்கிய பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. முதல் ஆயிரம் நாட்களில் பங்கீட்டின் கீழ் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதமும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 சதவீதமும் குறைவாக இருந்தன. தனிமனிதரின் மன உறுதியால் விளைந்த பலன் என்று இதைச் சொல்ல முடியுமா? ஓர் அரசு உணவுச் சந்தையைக் கட்டுப்படுத்தியதன் பலன், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மக்களின் உடலில் அளந்து பார்க்கும் நிலையில் இருக்கிறது.

ஒரே நாட்டின் இரு கணக்குகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்த அந்த ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 11.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். கோவாவில் 26.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். உத்தரப் பிரதேசத்தில் நோயாளிகள் 4.8 சதவீதமே, ஆனால் விளிம்பில் நிற்போர் 18 சதவீதம். புயல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இதே ஆய்வின் முந்தைய கட்ட முடிவுகள் 2017-ல் வெளியானபோது ஓர் உண்மை தெரியவந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் போன்ற வளர்ச்சி பெற்ற பகுதிகளின் நகரங்களில், வசதி படைத்தோரைவிட ஏழைகளிடையே நீரிழிவு அதிகமாகிவிட்டிருந்தது. வசதியுள்ளோர் உணவை மாற்றிக்கொள்கிறார்கள், உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்கிறார்கள், ஆண்டுதோறும் சோதித்துக்கொள்கிறார்கள். பெருநகரின் கட்டுமானத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் தேநீர், பிஸ்கட், வடை, எண்ணெயில் பொரித்த மலிவுத் தின்பண்டம் ஆகியவற்றால் பகல் பொழுதைக் கடத்துகிறார்கள்.

இன்னொரு கணக்கு ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள். பெண்களில் 18.7 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 24 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். இவற்றை ‘இந்தியாவின் விந்தை’ என்று சில பொருளாதார எழுத்தாளர்கள் வியக்கிறார்கள். இதில் விந்தை ஏதும் இல்லை. சத்துள்ள உணவை எட்டாத விலையிலும், சர்க்கரையும் எண்ணெயும் மாவும் கலந்த பொட்டலத்தை ஐந்து ரூபாய்க்கும் விற்கும் ஓர் ஏற்பாட்டில், குழந்தைப் பருவத்தில் குன்றிய அதே உடல் நடுவயதில் நீரிழிவுக்கு ஆளாவதே இயல்பு. முதலாளித்துவம் தொழிலாளியின் உடலைத் தேய்த்து அழிப்பதைச் சமூகப் படுகொலை என்று எங்கெல்ஸ் 1845-ல் பெயரிட்டார். மான்செஸ்டரின் காசநோய் அன்று சொன்னதை இன்று நம் நாட்டின் நீரிழிவு சொல்கிறது.

ரேஷன் அரிசியா குற்றவாளி?

இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாக அதே நாடு தழுவிய ஆய்வின் உணவு குறித்த பகுதி 2025-ல் தெரிவித்தது. தீட்டிய அரிசியும் கோதுமை மாவும் சர்க்கரையும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. மாவுச்சத்தைச் சிறிது குறைத்துப் பருப்பு, பால் போன்ற புரதத்தைக் கூட்டினால் நீரிழிவு வாய்ப்பு குறையும் என்பது ஆய்வாளர் கருத்து.

இந்த முடிவை ஆளும் தரப்பின் பொருளாதாரவாதிகள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதை நாம் முன்கூட்டியே உணர வேண்டும். ‘இலவச அரிசிதான் மக்களை நோயாளி ஆக்குகிறது, ரேஷனை நிறுத்திப் பணமாகக் கொடுங்கள்’ என்பதே அவர்களின் அடுத்த வாதமாக இருக்கும். ஏழையின் தட்டில் அரிசி மிகுந்திருப்பதற்குக் காரணம் அதன் அருகே பருப்பும் முட்டையும் காய்கறியும் இல்லாமையே. தட்டை நிரப்ப வேண்டியிருக்க, இருக்கும் சோற்றையும் எடுத்துவிடுவது தீர்வாகாது. பணமாகக் கொடுக்கப்படும் தொகை விலைவாசியோடு ஓடி ஒருநாளும் வெல்லாது.

தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் சமையல் எண்ணெய் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. மதிய உணவில் முட்டை இருக்கிறது. ஒரு மாநிலத்தால் முடிவது ஒன்றிய அரசால் முடியாதா? 2013 சட்டம் 67 சதவீத மக்களுக்கு உரிமை தந்தது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2021-ல் நடத்தப்படாமல் தள்ளிப் போடப்பட்டதால், 2011 எண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டு 10 கோடிக்கும் மேற்பட்டோர் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாக ஜீன் டிரீஸ் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த மக்களின் குழந்தைகளே நாளைய ஐந்தாம் வகை நோயாளிகள்.

மெலிவதற்கு மருந்து, மெலிந்தவருக்கு ஏது மருந்து?

ஏழைகளின் நீரிழிவு பெயருக்காகக் காத்திருந்த அதே ஆண்டுகளில், செல்வந்தர்களின் உடல் எடையைக் குறைக்கும் ஹார்மோன் மருந்துகள் உலகின் மிகப் பெரிய மருந்துச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்தன. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகியவையே அவை. இவை பயனுள்ள மருந்துகள் என்பதில் ஐயமில்லை. நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து உடல் பருமனும் உள்ளவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கேள்வி எல்லாம் விலையைப் பற்றியதே.

டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, வாரம் ஒருமுறை போடும் தொடக்க அளவு ஊசி ஒன்றின் விலை 3,500 ரூபாய். மாதம் 14,000 ரூபாய். பல கோடி உழைப்பாளிகளின் மாத வருமானமே அவ்வளவு இல்லை. மருந்தை நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிடுகிறது என்று செமாகுளுடைட் ஆய்வு காட்டியிருப்பதால், இது வாழ்நாள் செலவு. ஆனால் செமாகுளுடைட்டின் ஒரு மாத அளவை 5 டாலருக்கும் குறைவான செலவில் உற்பத்தி செய்ய முடியும் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை அப்போது ஏறத்தாழ 1,000 டாலர். இந்த இடைவெளியிலிருந்தே அதன் உரிமையாளரான நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2023-ல் டென்மார்க் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே விஞ்சி நின்றது.

இந்த அறிவு முழுவதும் நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததா என்றால், அதுவும் இல்லை. யூகோஸ்லாவியாவில் பிறந்து வளர்ந்த வேதியியல் அறிஞர் ஸ்வெத்லானா மொய்சோவ், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1980-களில் செய்த ஆய்வு இந்த ஹார்மோனின் செயல்படும் வடிவத்தை அடையாளம் காண உதவியது. காப்புரிமையில் தன் பெயர் இடம்பெறவே அவர் போராட வேண்டியிருந்தது. உரிய அங்கீகாரமாக லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது 2024-ல்தான். இன்சுலினைக் கண்டறிந்த பாண்டிங்கின் சகாக்கள் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்று டொரண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஒப்படைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழிந்த பின், மூன்றே பன்னாட்டு நிறுவனங்கள் உலக இன்சுலின் சந்தை மதிப்பில் 90 சதவீதத்திற்கும் மேல் கைப்பற்றியிருக்கின்றன. இன்சுலின் தேவைப்படும் இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது கிடைப்பதில்லை. அதிக இலாபம் தரும் எடைக் குறைப்பு ஊசிகளின் பக்கம் உற்பத்தி திரும்பிய காலத்தில், தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கு மலிவான மனித இன்சுலின் பேனாக்களை வழங்குவதை நோவோ நார்டிஸ்க் 2024-ல் நிறுத்திக்கொண்டது.

ஏகபோகம் உடைந்தால் என்ன நிகழும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரையின் இந்தியக் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. சுமார் 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரை, உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பாக 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரையிலானது.

இந்த வாய்ப்பு தானாக வந்ததன்று. 2005-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் போராடி 3(டி) பிரிவை வலுப்படுத்தினார்கள். பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை பெறும் சூழ்ச்சிக்கு அது தடையாக நிற்கிறது. நோவார்டிஸ் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. புற்றுநோய் மருந்து நெக்சாவருக்கு 2012-ல் வழங்கப்பட்ட கட்டாய உரிமம், மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த செலவை 8,800 ரூபாயாகக் குறைத்தது. அதன் பின் ஒரு கட்டாய உரிமம்கூட வழங்கப்படவில்லை. மாறாக, 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டு, காப்புரிமை வழங்குவதற்கு முன் ஆட்சேபம் எழுப்பும் உரிமை கடினமாக்கப்பட்டது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், நிறுவனங்கள் மனமுவந்து தரும் உரிமத்தையே விரும்பத்தக்க வழி என்று எழுதிவைத்திருக்கிறது. போராடிப் பெற்ற காப்பு இப்படித்தான் சத்தமின்றிக் கரைக்கப்படுகிறது.

காலை வெட்டக் காப்பீடு, மாத்திரைக்கு இல்லை

நீரிழிவு வாழ்நாள் முழுதும் புறநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டிய நோய். ஒன்றிய அரசு பெருமை பேசும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் உதவும். புண் புரையோடிக் காலை அகற்றும்போது தனியார் மருத்துவமனைக்குப் பணம் கிடைக்கும். அந்த நிலை வராமல் காக்கும் மாத்திரையையும் சோதனைப் பட்டையையும் நோயாளி கைக்காசு போட்டு வாங்க வேண்டும். 2021-22 கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சட்டைப்பையிலிருந்து செல்கிறது. பொதுச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22-ல் எட்டப்பட்டது 1.84 சதவீதம்.

30 வயது கடந்தோரிடையே இந்நோய்களை வீடு வீடாகக் கண்டறியும் பணி ஆஷா ஊழியர்களின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒருவரைப் பற்றிய முழுப் படிவத்தை நிரப்புவதற்கு அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 10 ரூபாய். ஊழியர் என்ற தகுதியே அவர்களுக்கு மறுக்கப்படுகிறது. நோயைக் கண்டறியும் பெண்ணே குறைந்த கூலியாலும் இரத்தசோகையாலும் வாடும்போது, ‘உடற்பயிற்சி செய்யுங்கள், யோகா செய்யுங்கள்’ என்ற அரசின் அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது? சுழற்சி முறை இரவுப் பணி உடலின் இயல்பான ஹார்மோன் ஒழுங்கைக் குலைத்து நீரிழிவு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அப்படியிருக்க, இரவுப் பணியையும் நெகிழ்வான பணி நேரத்தையும் விரிவாக்க முதலாளிகளுக்குக் கைகொடுக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. உணவு, உறக்கம், ஓய்வு ஆகியவற்றைப் பறித்துக்கொண்ட பின் ஒழுக்கம் போதிப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வழக்கம்.

நமது கோரிக்கைகளும் கடமைகளும்

இந்தப் பிரச்சனையில் தெளிவான கோரிக்கைகளோடு நாம் மக்களிடம் செல்ல வேண்டும். பொது விநியோகத்தை அனைவருக்கும் உரியதாக்கி அரிசி, கோதுமையோடு பருப்பு, எண்ணெய், சிறுதானியம் ஆகியவற்றையும் வழங்க வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நாடு முழுதும் முட்டை தரப்பட வேண்டும். மகப்பேறு உதவி நிபந்தனையின்றி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சென்று சேரும் வகையில் உயர்த்தப்பட வேண்டும். இன்சுலின், மாத்திரை, சோதனைப் பட்டை ஆகியன ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிரூட்டி இன்சுலினையும் காப்புரிமை முடிந்த புதிய மருந்துகளையும் உற்பத்தி செய்ய வேண்டும். 3(டி) பிரிவையும் கட்டாய உரிமத்தையும் எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டல உணவின் முகப்பில், சிலி நாடு 2016 முதல் செய்வது போல, கறுப்பு எச்சரிக்கை முத்திரை இடம்பெற வேண்டும். ஐந்தாம் வகை நீரிழிவைக் கணக்கெடுக்கும் பொது நிதி ஆய்வு தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும். ஆஷா ஊழியர்களைப் பணியாளர்களாக ஏற்க வேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் தத்தம் பகுதியில் உடனே செய்யக்கூடியவை பல உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாட்களாக இல்லை என்பதைக் கிளைகள் மாதந்தோறும் பதிவு செய்து மக்கள் முன் வைக்கலாம். மெலிந்த நீரிழிவு நோயாளியைக் கண்டால், அவரை நல்ல அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று முறையான சோதனை பெற்றுத் தரலாம். எவரும் தாமாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது என்பதையும் நாம் வலியுறுத்த வேண்டும். மூலிகைப் பொடியும் மந்திரத் தண்ணீரும் விற்போருக்கு எதிராக அறிவியல் உண்மையை எடுத்துச் சொல்வதும் நம் பணியே. ரேஷன் அட்டை மறுக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலைத் தயாரிப்பது நீரிழிவுத் தடுப்புப் பணியின் ஒரு பகுதி என்று நாம் கருதத் தொடங்க வேண்டும்.

உன் நோய்க்கு உன் நாக்கே காரணம் என்று ஏழையிடம் சொல்லப்பட்டுவந்தது. உன் தாய்க்குக் கிடைக்காத உணவும், உனக்குக் கிடைக்காத கூலியுமே காரணம் என்று ஆய்வுக்கூடம் இன்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. அந்த உண்மையை வேலூரிலும் பாங்காக்கிலும் கூடிய மருத்துவர்களிடமே விட்டுவைக்காமல், ரேஷன் கடை வரிசைக்கும் ஆலை வாயிலுக்கும் வயல் வரப்புக்கும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் நாமே.